பட அட்டவணைப் பெட்டி: ‘செய்’ என்றாலே பதறும் பிள்ளைக்கு வாங்கலாமா?

‘டெய்லி ரொட்டீன் போர்டு’, ‘விஷுவல் ஷெட்யூல் கிட்’ என்று பல பெயர்களில் இணையத்தில் விற்கும் பெட்டியைத்தான் இங்கே அலசுகிறோம். கம்பெனி எதுவானாலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றுதான். சுவரில் மாட்டும் காந்தப் பலகை, பல் துலக்குவது முதல் படுக்கப் போவது வரை படம் போட்ட அட்டைகள், நட்சத்திர ஸ்டிக்கர் தாள், ஒரு டைமர், முகபாவ அட்டைகள், ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கையேடு. சில பெட்டிகளில் காது மூடியும் சேர்ந்து வரும். பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் பெற்றோர் காதில் முதலில் விழும் யோசனை, ‘ஒரு விஷுவல் போர்டு வாங்கிப் போடுங்க’ என்பதுதான். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், பாம்பன் என்று நம் ராமநாதபுரம் கரையில் தெரப்பிக்கு பஸ் ஏறித்தான் போக வேண்டிய ஊர்கள் நிறைய. வீட்டு வாசலுக்கே கூரியரில் வரும் பெட்டி அங்கே பெரிய நம்பிக்கையாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இது நல்ல பெட்டி. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் அவர்களுக்குப் பதற்றம் குறையும். ஆனால் பி.டி.ஏ. சுபாவம், அதாவது யார் எதைச் செய்யச் சொன்னாலும் பதறித் தவிர்க்கும் சுபாவம், உள்ள பிள்ளைக்குக் கையேட்டில் சொன்னபடி இதைப் பயன்படுத்தினால் வீட்டு நிலவரம் மோசமாகும். பாதிப் பொருளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, மீதியை வேறு வேலைக்குத் திருப்பினால் உதவும். எதை எடுப்பது, எதை வைப்பது, ஏன் என்பதுதான் இந்த மதிப்புரை.

பத்தலாஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ் என்பதன் சுருக்கம் பி.டி.ஏ. நம் பள்ளிக்கூடங்களில் பி.டி.ஏ. என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகம். ஆகவே டீச்சரிடம் பேசும்போது சுருக்கத்தை விட்டுவிட்டு, ‘யார் எதைச் செய்யச் சொன்னாலும் பதற்றம் வந்து தவிர்க்கப் பார்ப்பான்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் எலிசபெத் நியூசன் என்ற உளவியல் அறிஞர் 1980களில் வைத்த பெயர் இது. அவரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய விரிவான கட்டுரை 2003இல் வந்தது. 2013இல் வந்த அமெரிக்க மனநல நோய்ப் பட்டியலான டி.எஸ்.எம்.-5இலும் சரி, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11இலும் சரி, இது தனி நோயாக இடம்பெறவில்லை. ஆட்டிசத்துக்குள்ளேயே ஒரு வகைச் சுபாவம் என்று பலர் கொள்கிறார்கள். தனிப்பெயரே வேண்டாம் என்று வாதிடும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, பி.டி.ஏ. இல்லை. சான்றிதழிலும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டையிலும் ஆட்டிசம் என்றுதான் வரும். அது போதும். உதவித்தொகைக்கும் பள்ளிச் சலுகைக்கும் அந்தச் சொல்தான் வேண்டும். வீட்டில் எப்படிப் பேசுவது என்பதற்குத்தான் பி.டி.ஏ. என்ற புரிதல் வேண்டும்.

பிள்ளைக்குள் நடப்பது இதுதான். ‘செய்’ என்று ஒரு சொல் வந்ததும், தன் கையில் இருந்த கட்டுப்பாடு பறிபோனது போல உடம்பு அபாயமணி அடிக்கிறது. முதலில் பேச்சை மாற்றும். அப்புறம் சாக்குச் சொல்லும்: கால் வலிக்குது, கை வேலை செய்யல. அப்புறம் வேறொன்றாக மாறிவிடும்: ‘நான் நாய்க்குட்டி, நாய்க்குட்டி சட்டை போடாது.’ இவ்வளவுக்கும் வழிவிடவில்லை என்றால்தான் கத்தல், அடி, உடைப்பு. அடம் பிடிக்கும் பிள்ளை தனக்கு வேண்டியது கிடைத்ததும் அடங்கிவிடும். இந்தப் பிள்ளையோ தனக்குப் பிடித்ததையே செய்ய முடியாமல் தவிக்கும். ஐஸ்கிரீம் கேட்டு வாங்கிவிட்டு, ‘சரி, சாப்பிடு’ என்ற சொல் கேட்டதும் தள்ளிவிடும். பசியும் மூத்திரம் முட்டுவதும்கூட உடம்பு போடும் உத்தரவாகத் தோன்றி அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது இந்த இடத்தில்தான்.

இப்போது பலகைக்கு வருவோம். பி.டி.ஏ. பிள்ளைக்கு அது சுவரில் மாட்டிய பத்து உத்தரவு. அம்மா வாய் மூடினாலும் பலகை மூடாது. காலையில் கண் விழித்ததிலிருந்து அது பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் முதல் வாரம் அப்படித் தெரியாது. இந்தப் பெட்டியைப் பற்றிப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இது என்பது எங்கள் கருத்து. புதுப் பொருள் என்றால் பி.டி.ஏ. பிள்ளைக்கு ஆசை. காந்தம் ஒட்டுவது, படம் மாற்றுவது எல்லாம் விளையாட்டு. மூன்று நாள், ஐந்து நாள் பலகை சொன்னபடி எல்லாம் நடக்கும். கடைப்பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘மேஜிக் மாதிரி வேலை செய்யுது’ என்று எழுதுபவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் எழுதுகிறார்கள். அதற்குப் பிறகு புதுமை தீர்ந்து, உத்தரவு மட்டும் மிஞ்சும். ஒரு காலையில் அட்டைகள் தரையில் கிடக்கும். வீட்டார் சொல்வது: ‘போன வாரம் செஞ்சான்ல? இப்ப வேணும்னே பண்றான்.’ இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் அடியும் திட்டும் தொடங்குகின்றன. போன வாரம் முடிந்ததற்குக் காரணம் புதுமை. அதை ‘இவனால் முடியும்’ என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நேற்று முடிந்தது இன்று முடியாமல் போவது இந்தப் பிள்ளைகளுக்கு இயல்பு. தூக்கம், வெக்கை, சத்தம், முந்தின நாள் பள்ளியில் அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்துதான் அன்றைய தெம்பைத் தீர்மானிக்கின்றன.

தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுக் காலையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மணி 7.20. வேன் 8.10க்கு. காலண்டருக்குப் பக்கத்தில் பலகை. ‘எந்திரி தங்கம்.’ ‘பல்லு விளக்கு.’ ‘போர்டப் பாரு, அடுத்து என்ன இருக்கு?’ ‘குளிச்சிட்டு வா.’ ‘சட்டையப் போடு.’ ‘வாயத் தொற.’ ‘மணியாச்சு.’ அடுப்படியிலிருந்து அப்பத்தா: ‘ஏய்யா, அம்மா சொல்றதக் கேக்க மாட்டியா?’ வலை முடைந்துகொண்டிருக்கும் சித்தப்பா திண்ணையிலிருந்து: ‘நாலு சாத்து சாத்துனா எல்லாம் சரியாப் போகும்.’ எண்ணிப் பார்த்தால் கால் மணி நேரத்தில் இருபது உத்தரவு தாண்டும். பிள்ளை கட்டிலுக்கு அடியில். இருபத்தோராவதாக யாரோ பலகையைக் கழற்றி வந்து கட்டிலுக்கு அடியில் நீட்டுகிறார்கள். அட்டை கிழிகிறது.

அதே வீடு, அதே பலகை, வேறு விதமாக. உத்தரவு அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பலகையில் செய்தி மட்டும் இருக்கட்டும்: ‘அப்பா – கடல்’, ‘வேன் – 8.10’, ‘கரண்ட் – இல்லை’, ‘மதியம் – சித்தி வீடு’. பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பது அதில் ஒரு வரிகூட வேண்டாம். இன்று உலகத்தில் என்ன நடக்கப் போகிறது என்பது போதும். நம் கரையில் இது இரட்டைப் பயன் தரும். இங்கே நாள் திட்டம் காற்றைப் பொறுத்தது. கச்சான் காற்று பலமாக வீசினால் கடல் இல்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போக டோக்கன் இல்லை. அப்பா திடீரென்று வீட்டில் இருப்பார். பெரியவர்களுக்கு இது பழகிய விஷயம். பிள்ளைக்கு அது தலைகீழான நாள். முந்தின ராத்திரியே ‘கடல் – தெரியல’ என்று கேள்விக்குறி அட்டை ஒன்றை வைத்துவிட்டு, காலையில் மாற்றுங்கள். தெரியாது என்பதைத் தெரிவிப்பதும் செய்திதான்.

பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்து வாசற்படியில் இருக்கட்டும், அம்மா பக்கத்தில் நின்று தன் பல்லைத் துலக்கட்டும். சட்டை பெஞ்சில் விரித்துக் கிடக்கட்டும். இட்லித் தட்டு கட்டிலுக்கு எட்டும் தூரத்தில், ஒரு சொல்லும் இல்லாமல். நாய்க்குட்டி என்றால் நாய்க்குட்டிதான்: ‘நாய்க்குட்டிக்கு எத்தனை பல்லு இருக்கும்னு தெரியலையே.’ பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதைத் தூண்டிலாக்கி இழுக்க வேண்டாம். குளியல் ஓடவில்லை என்றால் அன்று ஈரத்துண்டு. இப்படிச் செய்தாலும் எல்லா நாளும் வேன் ஏற முடியாது. ஏற முடிகிற நாள்கள் கூடும், அவ்வளவுதான்.

குளியல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை மறுப்பது உத்தரவையா, அந்தப் பொருளையா என்று முதலில் பாருங்கள். கரையோரத்து உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தோலில் பிசுபிசுப்பு நிற்கும். தொடு உணர்ச்சி கூர்மையான பிள்ளைக்கு அது நிஜமான துன்பம். கடைசி ஒரு குடம் நல்ல தண்ணீரை மேலுக்கு ஊற்றினால் தகராறு பாதி குறையும் வீடுகள் உண்டு. யூனிஃபார்ம் காலர், கழுத்து லேபிள், காயப்போட்ட கருவாட்டு வாடை எல்லாம் இதே கணக்கு.

பலகையின் தரம் பற்றி. வெள்ளைப் பூச்சுக்கு அடியில் இருப்பது மெல்லிய இரும்புத் தகடு. உப்புக்காற்றில் முதலில் ஓரமும் ஆணி ஓட்டையும் துருப்பிடிக்கும். கடலைப் பார்த்த சுவரில் மாட்டவே வேண்டாம். அட்டைக்குப் பின்னால் பொட்டு பொட்டாக ஒட்டியிருக்கும் காந்தம் வெக்கையில் பசை இளகிக் கழன்று விழும். இது ஆபத்து. இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். பெட்டி வந்த அன்றே காந்தங்களை எண்ணி எழுதி வையுங்கள். ஒன்று குறைந்து, பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலும் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கும் விஷயமில்லை இது.

எங்களைக் கேட்டால் பலகைக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். பழைய நைலான் வலைத் துண்டு ஒன்று, இரண்டடிக்கு இரண்டடி, நாலு மூலையிலும் இழுத்து ஆணியடித்துத் தொய்வில்லாமல் சுவரில் கட்டுங்கள். தொங்கினால் கழுத்து மாட்டும், ஆகவே முறுக்கமாக. பிளாஸ்டிக் துணி கிளிப்பில் அட்டையைச் செருகினால் போதும், துருவும் இல்லை, காந்தமும் இல்லை. அட்டைக்கு உங்கள் போனிலேயே உங்கள் வீட்டுப் பொருளைப் படமெடுங்கள்: உங்கள் வேன், உங்கள் வள்ளம், உங்கள் தெருக் குழாய். பெட்டியில் வரும் படத்தில் உள்ள குளியல் தொட்டி நம் பிள்ளை பார்த்தே இராதது. ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது படம் வரும். முதலில் படங்களைத் தனித்தனியாக வெட்டி, லேமினேஷன் கவரில் இடைவெளி விட்டு அடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விட்டு வெட்டினால்தான் ஈரம் உள்ளே போகாது. ஜெராக்ஸ் கடைக்காரர் தாளோடு லேமினேட் செய்துவிட்டு அப்புறம் வெட்டினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. படத்துக்குக் கீழே ‘பல் துலக்கு’ என்று எழுத வேண்டாம். ‘பிரஷ்’ என்று பெயரை மட்டும் எழுதுங்கள்.

இந்த ‘துலக்கு’, ‘பிரஷ்’ வித்தியாசம் சின்ன விஷயமாகத் தெரியும். கையேட்டில் இல்லாத, ஆனால் பெட்டி மொத்தத்தையும்விட அதிகம் உதவும் விஷயம் இதுதான் என்று நம்புகிறோம். தமிழில் ஏவல் ரொம்பச் சுருக்கம்: வா, போ, நில், தின்னு. பிள்ளைகளிடம் நாம் பேசும் பேச்சில் பெரும்பகுதி ஏவல்தான். ‘குளி’யை ‘குளிச்சிரு’ என்று மாற்றினாலும் அதே உத்தரவு. ‘குளிக்கணும்’ இன்னும் கனம். ‘குளிக்கலாமா?’ கேள்வி போல இருக்கிறது. ஆனால் ‘வேண்டாம்’ என்ற பதிலை நாம் ஏற்கமாட்டோம் என்று பிள்ளைக்குத் தெரியும், ஆகவே அதுவும் உத்தரவே. ‘சட்டை போட்டாத்தான் வேன்’ என்பதில் மிரட்டல் ஒளிந்திருக்கிறது.

எது உதவும்? ‘-ட்டுமா’ உதவும். ‘பட்டனை நான் போடட்டுமா, அப்பத்தா போடட்டுமா?’ இதில் வேலை பெரியவர் தலையில், தேர்வு பிள்ளை கையில். வெறும் செய்தி உதவும்: ‘தண்ணி வெதுவெதுன்னு இருக்கு.’ சந்தேகம் உதவும்: ‘இந்த வாளி எவ்வளவு நேரத்துல நிறையும்னு தெரியல.’ ‘போல’ உதவும்: ‘வேன் திருப்பத்துக்கு வந்துருச்சு போல.’ சொல்லிவிட்டுப் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் வேறு வேலை பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றால் செய்தி மறுபடி உத்தரவாகிவிடும். குரலில் சர்க்கரை தடவ வேண்டாம்; இந்தப் பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாராட்டும் இதில் சேரும். ‘சமத்து! இப்படித்தான் தினமும் செய்யணும்’ என்றதும் நாளைக்கான உத்தரவு தயார். அதைவிட, பிள்ளை காதில் விழும்படி போனில் வாப்பாவிடமோ மாமியிடமோ, ‘இன்னைக்குக் காலையில வீடு அமைதியா இருந்துச்சு’ என்று சொல்வது மேல்.

நட்சத்திர ஸ்டிக்கரும் பரிசு அட்டவணையும் இந்தப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் சைக்கிள் என்பது பெரியவருக்கு ஊக்கம். பிள்ளைக்கோ, தவறினால் சைக்கிள் போய்விடும் என்ற பயம் பல் துலக்குவதன் மேல் ஏறிக்கொள்கிறது. பரிசு பெரிதாகப் பெரிதாகப் பதற்றமும் பெரிதாகும். ஒன்பதாவது நட்சத்திரத்தில் தாளைக் கிழிப்பது அதனால்தான். கூடவே வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் ‘இன்னைக்கு எத்தனை ஸ்டார்?’ என்று கேட்பார்கள். நட்சத்திரத்தைப் பிடுங்குவது, டிவியை நிறுத்துவது போன்ற தண்டனைக் கணக்கும் இதே அச்சில் ஓடுவதுதான்.

டைமர் பாதி நல்லது. ‘பத்து நிமிஷத்தில் கிளம்பு’ என்று பிள்ளை முன்னால் வைத்தால், குறையும் ஒவ்வொரு நிமிஷமும் நெருக்கும். அதையே பெரியவர் தன் வேலைக்கு வைக்கலாம்: ‘உலை கொதிக்க எவ்வளவு ஆகுதுன்னு பாக்கறேன்.’ பிள்ளை தானாக எடுத்தால் எடுக்கட்டும். மணல் டைமர்தான் எங்கள் தேர்வு. பீப் சத்தம் கிடையாது, பேட்டரி கிடையாது, மூடிய கண்ணாடிக்குள் ஈரம் போகாது, திருப்பிப் போடும் அதிகாரம் பிள்ளைக்கு. பேட்டரி டைமர் என்றால் உப்புக்காற்றில் முனைகளில் பச்சை பூக்கும். பயன்படுத்தாத நாளில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். பொட்டு பேட்டரி போட்ட மாதிரி என்றால் திருகாணி மூடி இல்லாததை வாங்கவே வேண்டாம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

காசே இல்லாத டைமர் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது: பள்ளிவாசல் பாங்கு, கோயில் மணி, பாலத்தில் ரயில் போகும் சத்தம், பால்காரர் ஹார்ன். ‘அம்மா சொல்கிறாள்’ என்பதைவிட ‘பாங்கு சொல்லியாச்சு’ என்பதைப் பல பிள்ளைகள் எளிதாக ஏற்கிறார்கள். உத்தரவிட ஆள் யாரும் இல்லையல்லவா! இதையும் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். தினமும் சாக்காக்கினால் பிள்ளை பாங்கையே வெறுக்கும்.

முகபாவ அட்டைகளைக் காட்டி ‘இப்ப நீ எப்படி இருக்க, எடுத்துக் காட்டு’ என்பதும் உத்தரவே. பெரியவர் தன் அட்டையை வலையில் மாட்டட்டும்: ‘அம்மாவுக்கு இன்னைக்குத் தலைவலி.’ சில பிள்ளைகள் சில வாரம் கழித்துத் தங்கள் அட்டையைப் பக்கத்தில் மாட்டுவார்கள். மாட்டாவிட்டால் விடுங்கள். வெடித்துக்கொண்டிருக்கும் பிள்ளை முன்னால் எந்த அட்டையையும் நீட்டக் கூடாது. அந்த நேரத்தில் பேச்சைக் குறையுங்கள், கூட்டத்தை வெளியே அனுப்புங்கள், உடைகிற பொருளை நகர்த்துங்கள், தொடாமல் எட்டத்தில் உட்காருங்கள். அடங்கியபின் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். ‘ஏன் அப்படிச் செஞ்ச?’ அன்று வேண்டாம். பிள்ளை தெளிய அரை மணியும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம்.

கட்டிப்போடுவதும் அறையில் பூட்டுவதும் எந்த நிலையிலும் கூடாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கிடந்து 28 பேர் இறந்ததைப் பார்த்த கரை இது. தர்காவுக்கோ வேளாங்கண்ணிக்கோ குலசாமிக்கோ நேர்ந்துகொள்வது குடும்பத்தின் நம்பிக்கை; அதில் நாம் தலையிட ஒன்றுமில்லை. போகும்போது கூட்டம் குறைந்த நேரமும் காது மூடியும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காது மூடிதான் பெட்டியிலேயே உருப்படியான பொருள். டப்பாவில் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும் என்று போட்டிருப்பார்கள். வள்ளத்து எஞ்சின், கரண்ட் போனதும் எழும் ஜெனரேட்டர், திருவிழா ரேடியோ செட், சந்தனக்கூடு ஊர்வலம் எல்லாவற்றுக்கும் உதவும். நம் வெக்கையில் மெத்தை வியர்த்து வெடித்துவிடும் என்பது ஒரு குறை. மெத்தை மட்டும் தனியாக மாற்ற முடிகிற மாதிரியாகப் பார்த்து வாங்கி, மெல்லிய பருத்தித் துணி உறை தைத்துப் போடுங்கள். சின்னப் பிள்ளைக்குக் காதுக்குள் திணிக்கும் நுரைப் பஞ்சு வேண்டாம், வாயில் போட்டுவிடும். ‘மாட்டிக்கோ’ என்று சொல்லாமல் கைக்கு எட்டும் கொக்கியில் தொங்கவிடுங்கள்.

கையேட்டில் ‘முதலில் இது, பிறகு அது’, ‘உறுதியாக இருங்கள்’, ‘ஒருமுறை விட்டுக்கொடுத்தால் பழகிவிடும்’ என்பதே சாரம். பி.டி.ஏ. பிள்ளைக்கு இம்மூன்றும் பொருந்தாது. பிரிட்டனின் பி.டி.ஏ. சொசைட்டி சொல்வதின் சாரம் வேறு: எதற்குப் போராடுவது என்று தேர்ந்தெடு, பதற்றத்தைக் கவனி, கலந்து பேசு, உத்தரவை மறைத்துக் குறை, அன்றைக்குத் தக்கபடி மாற்றிக்கொள். இதற்குப் பெரிய அளவிலான மருத்துவச் சோதனைகள் இன்னும் இல்லை, பெற்றோரும் பி.டி.ஏ. உள்ள பெரியவர்களும் சொல்லிச் சேர்த்த அனுபவமே அடிப்படை. அதைச் சொல்லிவிட்டுத்தான் இதைப் பரிந்துரைக்கிறோம்.

விட்டுக்கொடுக்கவே கூடாதவை மூன்று நான்குதான் இருக்க வேண்டும். நம் ஊரில் அவை கடல், கிணறு, ரோடு, அடுப்பு. இவற்றுக்கும் ‘போகாதே’ என்ற கத்தலை நம்ப முடியாது; ஏவலுக்கு எதிராகவே கால் போகும். கதவுக்குப் பெரியவர் உயரத்தில் தாழ்ப்பாள், கிணற்றுக்கு வலை, கரைக்குப் போகும்போது பிள்ளைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு பெரியவர். பேச்சு வேலை செய்யாத இடத்தில் பூட்டும் ஆளும்தான் வேலை செய்ய வேண்டும். மற்றபடி தலை சீவுவது, செருப்பு, தட்டில் சாப்பிடுவது, சொந்தக்காரருக்கு வணக்கமோ ஸலாமோ சொல்வது, இதெல்லாம் கொஞ்ச நாள் போகட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இந்தப் பெட்டி வாங்கித் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பள்ளி விடுமுறை, விசைப்படகுக்குப் போகும் அப்பாவும் வீட்டில், உறவுக்காரர் வரவு. உத்தரவிடும் வாய்கள் இரட்டிப்பாகும் காலம் அது. யார் பிள்ளையோடு பேசுவது என்று காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர் பிரித்துக்கொண்டால் மட்டும் தொடங்குங்கள்.

ஆக, முழுப் பெட்டி வேண்டாம். மணல் டைமரும் காது மூடியும் தனியாக வாங்கலாம். பலகைக்கு வலைத் துண்டு. ஏற்கெனவே பெட்டி வீட்டில் இருந்தால் காந்தம் கழன்ற அட்டைகளை எறிந்துவிடுங்கள், கையேட்டை மூடி வையுங்கள். ஸ்டிக்கர் தாளை மட்டும் அப்படியே பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள். எதற்கும் பரிசாக இல்லை, சும்மா. கட்டில் காலிலோ பீரோவிலோ அப்பத்தா கைத்தடியிலோ, எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளட்டும்.